கூஜா

எங்கள் வீட்டில் யார் தொலைதூரத்துக்குக் கிளம்பினாலும் ஒரு பித்தளைக் கூஜாவிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வாசல்படி தாண்ட வேண்டும். பெரியப்பா மகன் துபாய்க்குப் போகும்போது குடித்தான். சித்தப்பா மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போகும்போது மூக்கைச் சிந்திக்கொண்டே குடித்தாள். 2006-இல் கல்லூரியில் சேர நான் சென்னைக்குப் பஸ் ஏறிய அன்று, புளி போட்டுத் தேய்த்த பித்தளை வாசனையோடு அந்தத் தண்ணீர் என் தொண்டையிலும் இறங்கியது. “பர்மாவுலேருந்து நடந்து வந்த கூஜாடா அப்பு. எங்க போனாலும் உன்னைய வீட்டுக்குக் கொண்டாந்து சேத்துப்புடும்” என்றார் ஐயா.

எங்கள் பக்கம், அதாவது காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில், ஐயா என்றால் அப்பாவின் அப்பா. அப்பத்தா என்றால் அவர் மனைவி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐயாவைப் பற்றி மட்டும் எழுதப்போகிறேன் என்று நினைத்துத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன்.

2024-இல் ஐயாவுக்கு நூற்றாண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அறிவித்தார்: ஊரில் விழா, கிடா வெட்டு, கூடவே ஒரு சிறு மலர். மலரை எழுத வேண்டியவன் நான். இணைய இதழில் நான்கு கதை வந்துவிட்டால் போதும், கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்துவதிலிருந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரை எல்லாம் நம் தலையில்தான். “ஐயாவோட சாகசத்தை எல்லாம் எழுதுப்பா. பிள்ளைக தெரிஞ்சுக்கட்டும்” என்று பெரியப்பா குரல் பதிவு அனுப்பினார். எழுதத் தெரியாமல் அல்ல, தெரிந்துவைத்திருந்த ஒன்றினால் இரண்டு மாதம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தேன்.

சாகசத்துக்குக் குறைவே இல்லை. ஐயா 1924-இல் பிறந்தவர். 1938-இல், பதினான்கு வயதில், பக்கத்து ஊர்ச் சமையல்காரர் ஒருவரோடு வீட்டில் சொல்லாமல் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார். செட்டியார் ஒருவரின் கிட்டங்கியில் சமையல்கட்டு எடுபிடி வேலை. அன்றைய கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால் பங்கு நிலம் செட்டியார் பெட்டிகளின் கைக்குப் போயிருந்த காலம் அது. அந்தக் கணக்கெல்லாம் ஐயாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, முகல் தெருக் கிட்டங்கியில் தினம் எத்தனை பேர் இலை போட்டுச் சாப்பிட்டார்கள், யாருக்கு ரசம் தெளிவாக வேண்டும், யாருக்குக் கலக்கி வேண்டும் என்பதுதான். சமையல்காரர் வெளியே கிளம்பினால் அவருடைய கூஜாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். “கூஜா தூக்கின்னு ஆளுகளை ஏசுவாக. நான் நெசமாவே கூஜா தூக்கிதான்டா” என்று சிரிப்பார்.

1941 டிசம்பர் 23 காலையில் ஜப்பான் விமானங்கள் ரங்கூனுக்கு மேலே வந்தபோது ஜனங்கள் பதுங்கவில்லை. வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள். “வெள்ளி மீன் கணக்கா மின்னுச்சு. நாங்க கை தட்டுனோம்” என்பார் ஐயா. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிப்ரவரியில் நகரமே காலியாகத் தொடங்கியது. மார்ச் 8-ஆம் தேதி ரங்கூன் விழுந்தது. பர்மாவிலிருந்து அந்த மாதங்களில் கிளம்பிய இந்தியர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் நடந்தார்கள். ஒரு கூட்டம் அரக்கான் மலையைத் தாண்டி அக்யாபுக்குப் போனது, ஒரு கூட்டம் வடக்கே போய்த் தாமு வழியாக மணிப்பூருக்குள் இறங்கியது, கடைசியாகக் கிளம்பியவர்கள் ஹுகாவங் பள்ளத்தாக்கின் சேற்றில் சிக்கினார்கள். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பாதை, கறுப்பர்களுக்கு ஒரு பாதை என்று பிரித்ததாக அன்றே பெரிய புகார் கிளம்பியது. வழியில் செத்தவர்கள் பத்தாயிரம் என்பவர்கள் உண்டு, ஐம்பதாயிரம் என்பவர்களும் உண்டு. யாரும் எண்ணவில்லை என்பதுதான் இதன் அர்த்தம்.

ஐயாவும் சமையல்காரரும் ரயிலில் மாண்டலே போய், முகாமில் சில வாரம் கிடந்து, மொனிவாவிலிருந்து படகில் சிந்த்வின் ஆற்றில் களேவாவரை போனார்கள். அதற்குப் பிறகு நடை. களேவாவுக்கும் தாமுவுக்கும் நடுவில் கிடப்பது கபாவ் பள்ளத்தாக்கு. தேக்கங்காடு, கொசு, காலரா. எங்கள் வீட்டுக் கதையில் இந்த இடம் வரும்போது ஐயாவின் குரல் தாழும். சமையல்காரருக்கு வயிற்றால் போனது. இரண்டு நாள் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார் ஐயா. மூன்றாம் நாள் ஓர் ஆற்றங்கரையில் அவர் கண்ணை மூடினார். “நீ போடா, ஊர்ல என் பொண்டாட்டி பிள்ளைகளைப் பாத்துக்க” என்பது கடைசி வார்த்தை. ஐயா கையாலும் ஒரு தட்டாலும் குழி தோண்டி அடக்கம் செய்தார், ஒரு கல்லைத் தூக்கித் தலைமாட்டில் வைத்தார், கூஜாவை எடுத்துக்கொண்டு நடந்தார். இம்பாலுக்கு வந்து, அங்கிருந்து லாரியில் டிமாப்பூர், பிறகு ரயில், கல்கத்தா, மெட்ராஸ், வைகாசியில் ஊர். உடம்பில் எலும்புதான் மிச்சம். பெற்ற தாயே யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்துக் கூழ் ஊற்றப் போனாள்.

இந்தக் கதையை நான் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். கரண்ட் போன இரவுகளில் திண்ணையில் அவர் தொடங்குவார், நாங்கள் அடுத்த வரியைச் சொல்வோம். சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்படியில் நின்று அவரே கௌஸ்வே செய்து தருவார். மாட்டுத்தரகனிடம் பர்மிய மொழியில் ஏதோ வைது வேலையை முடிப்பார். எண்பது வயதிலும் வேலி தாண்டிக் குதிப்பார். ஐயா மாதிரி ஓர் ஆள் எங்கள் தெருவிலேயே கிடையாது என்ற கர்வம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. எனக்கு இப்போதும் இருக்கிறது.

2010-இல், சாவதற்கு முந்தைய ஆண்டு, மழைக்கால மத்தியானம் ஒன்றில் கட்டிலில் படுத்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். கூஜாவை எடுத்துவரச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அவரு சாகலடா அப்பு.”

எனக்குப் புரியவில்லை.

“நான் கெளம்புறப்ப அவரு சாகல. விடியக்காலம். தூங்குறாருன்னு நெனச்சுக் கூஜாவை எடுத்தேன். காய்ச்சுன தண்ணி முக்கால் கூஜா இருந்துச்சு. அரிசிப் பையையும் எடுத்துக்கிட்டேன். திரும்புனா, கண்ணைத் தெறந்து பாத்துக்கிட்டு இருக்காரு. ஒண்ணும் பேசல.”

குழி தோண்டவில்லை. கல் வைக்கவில்லை. ‘நீ போடா’ என்று அவர் சொல்லவும் இல்லை. இம்பாலுக்கு வரும் வழியில், நடந்துகொண்டே, அந்த வார்த்தையை ஐயா உண்டாக்கியிருக்கிறார். ஊருக்கு வந்து முதல் ஆளாக அதைச் சமையல்காரரின் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

பத்தொன்பது முடியாத பையன், காலரா காடு, பக்கத்தில் எழுந்து நிற்க முடியாத மனிதர். அவன் போனது தப்பா? இருந்து அவனும் செத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் சொல்ல மாட்டேன். ஆனால் போவது வேறு, தண்ணீரை எடுத்துக்கொண்டு போவது வேறு. காலராவில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து நீர் வற்றுவதுதான். 1971-இல் வங்காள எல்லையில், பன்காவ் அகதி முகாமில், திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே, முப்பது சதவீதத்துக்கு அருகில் இருந்த சாவை நான்குக்கும் கீழே கொண்டுவந்தார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு கணக்குப் போட்டேன். கடுமையான காலராவில் ஒரு நாளில் பத்து லிட்டருக்கு மேல்கூட வெளியேறும். முக்கால் கூஜா ஒன்றரை லிட்டர்கூட இருக்காது. அவரைக் காப்பாற்றியிருக்காது. இந்தக் கணக்கு எனக்குக் கொடுத்த நிம்மதி எவ்வளவு அசிங்கமானது என்பதும் அன்றே தெரிந்தது. அந்தத் தண்ணீர் அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டியதில்லை. நாக்கை நனைத்திருந்தால் போதும்.

மகாபாரதத்தின் கடைசிப் பர்வங்களில் பாண்டவர்கள் மலை ஏறுகிறார்கள். முதலில் திரௌபதி விழுகிறாள். பிறகு தம்பிகள் ஒவ்வொருவராக. தருமன் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏன் விழுந்தாள், ஏன் விழுந்தான் என்று பீமன் கேட்கும்போதெல்லாம் விழுந்தவரின் குற்றம் என்ன என்று காரணம் மட்டும் சொல்லிக்கொண்டே நடக்கிறான். அதே தருமன்தான் சொர்க்கத்தின் வாசலில், கூடவே வந்த நாயை விட்டுவிட்டு உள்ளே வர மாட்டேன் என்று நிற்கிறான். சின்ன வயதில் நாய்க்காகத் தருமனைப் பிடித்தது. இப்போது அந்த நாய் எனக்குப் பெரிதாகப் படவில்லை. விழுந்தவர்களின் குற்றத்தைச் சொல்லிக்கொண்டே நடக்கிறானே, அதுதான் உறுத்துகிறது. விட்டுவிட்டு நடக்கிறவனுக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. ஐயா அந்த அளவுக்குப் போகவில்லை. சமையல்காரர் மேல் ஒரு குற்றமும் சொல்லவில்லை. அவர் வாயில் ஒரு வாக்கியத்தை வைத்தார், அவ்வளவுதான். எது மோசம் என்று எனக்கு இன்னும் தீர்மானம் இல்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐயா அந்தப் பொய்யைச் சும்மா வைத்துக்கொள்ளவில்லை, வாழ்நாள் முழுக்க அதற்கு வட்டி கட்டினார். 1946-இல் மறுபடி பர்மா போனதும் முதல் மணியார்டர் சமையல்காரரின் மனைவிக்குத்தான். அவர் மகள் கல்யாணச் செலவில் பாதி ஐயாவுடையது. 1986-இல் அந்த அம்மா இறக்கும்வரை ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு சேலை, கொஞ்சம் பணம், ஒரு மஞ்சள் கொத்து. “இப்படி ஒரு விசுவாசமா!” என்று ஊரே மெச்சியது. அந்த அம்மா, புருஷன் அந்நிய மண்ணில் அனாதையாகக் கிடக்கவில்லை, நம் ஊர்ப் பையன் கையால் மண் விழுந்தது என்ற ஆறுதலோடு 44 வருடம் இருந்திருக்கிறார். உண்மையைச் சொல்லியிருந்தால் ஆறுதலும் போயிருக்கும், ஒருவேளை சேலையும். பொய் நல்லது செய்ததா என்று கேட்டால், செய்தது. அந்த நல்லதுக்கு யார் காசு கொடுத்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2011-இல் ஐயா போனார். கருமாதி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஒரு சாயங்காலம், அப்பத்தாவிடம் மெல்லக் கேட்டேன்: “அந்தச் சமையல்காரரு விஷயம் ஒனக்குத் தெரியுமா?”

அவள் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. “தெரியும். தூக்கத்துல ஒளறுவாரு. ‘கண்ணை மூடுங்க, கண்ணை மூடுங்க’ம்பாரு.” மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். “அந்த மனுசனுக்காவது ஒளறுனாரு. என்னைய உசுரோட விட்டுப்புட்டுப் போனாரே, அதுக்கு ஒருநாளும் ஒளறுனதில்ல.”

அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை என்பதுதான் இதில் வெட்கக்கேடு. கபாவ் பள்ளத்தாக்கில் விட்டது ஒரு முறை, அதுவும் சாவு பயத்தில். அப்பத்தாவை விட்டது திரும்பத் திரும்ப, பகலில், எல்லோரும் கூடி வழியனுப்ப. 1945-இல் கல்யாணம், அவளுக்குப் பதினாறு வயது. மறுவருடம், பெரியப்பா வயிற்றில் இருக்கும்போது, ஐயா கிளம்பிவிட்டார். திரும்பி வந்தது 1953-இல். ஏழு வயதுப் பெரியப்பா அவரைப் பார்த்து, “யாரும்மா இந்த ஆளு?” என்று கேட்டாராம். இதை எங்கள் வீட்டில் நகைச்சுவையாகத்தான் சொல்வார்கள். ஒரு வருடம் இருந்துவிட்டு மறுபடி போனார். 1958-இல் ஆறு மாதம் வந்தார். கடைசியாக வந்தது 1964-இல். நே வின் அரசு கடைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, அந்த மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றும் அறிவித்த பிறகு, லட்சக்கணக்கானவர்களோடு அவரும் வெறுங்கையோடு கப்பலில் வந்து இறங்கினார்.

இடைப்பட்ட பத்தொன்பது வருடத்தில் அப்பத்தா என்ன செய்தாள்? நாற்று நட்டாள், இட்லி சுட்டு விற்றாள், மாமியாரைத் தூக்கிக் குளிப்பாட்டினாள். 1949-இல் ரங்கூனுக்குப் பக்கத்தில் இன்சேன் வரை கரேன் கலகக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று யாரோ பேப்பரில் படித்துச் சொன்னார்கள். பதினான்கு மாதம் கடிதம் இல்லை. தாலியைக் கழற்றிவிடலாமா என்று பெரியவர்கள் பேசியதை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். 1954-இல் பிறந்த பெண் குழந்தை மூன்று வயதில் காய்ச்சலில் செத்தது. ஐயாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த அத்தையின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அப்பத்தா சொல்லித்தான் அப்படி ஒருத்தி இருந்ததே எனக்குத் தெரியும். இன்னொன்றையும் சொன்னாள்: “எனக்கு மணியார்டர் வராத மாசத்துலயும் அவளுக்குப் போச்சு.” சமையல்காரர் மனைவியைத்தான் சொல்கிறாள். ஐயா கட்டிய வட்டி யாருடைய இலையிலிருந்து போனது என்று அப்போதுதான் விளங்கியது.

(பர்மாவில் இன்னொரு குடும்பம் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். அப்பத்தா கேட்டதில்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் இங்கே அவள் சுட்ட இட்லியின் எண்ணிக்கை மாறப்போவதில்லை.)

சங்கக் கவிதைகளில் பாலை எனக்கு எப்போதும் பிடித்த திணை. பொருள் தேடிப் போகிறவன், வெயில், கள்ளி, ஆறலைக் கள்வர். ஆனால் பாலைப் பாட்டுகளில் எத்தனை, போகிறவன் பேசாமல் இருக்க, வீட்டில் இருப்பவளோ அவள் தோழியோ பேசுகிற பாட்டுகள்! காடு எப்படி இருக்கும் என்று போகாதவள் சொல்கிறாள். கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் கொண்டு போகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் இலக்கணமே வகுத்திருக்கிறது. எங்கள் ஊர்களில் இருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் அந்த இலக்கணத்தை அப்படியே கடைப்பிடித்தார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இருப்பவளிடம் பேச்சைக் கொடுக்கத் தெரிந்த மொழியில், எங்கள் திண்ணையில் ஒருநாளாவது அப்பத்தா கதை சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அவள் உள்ளே கௌஸ்வே கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி, ‘அற அதிர்ஷ்டம்’ என்று சொல்லத்தக்க ஒன்றைப் பற்றி எழுதும்போது கோகனை உதாரணமாக எடுக்கிறார். குடும்பத்தை விட்டுவிட்டு வரைவதற்காகத் தீவுக்குப் போன ஓவியன். அவன் செய்தது நியாயமா என்பது அவன் நல்ல படம் வரைந்தானா என்பதைப் பொறுத்துப் பின்னால்தான் முடிவாகிறது, போகும்போது அவனுக்கே தெரியாது என்று போகிறது வாதம். கல்லூரியில் படித்தபோது சாமர்த்தியமான வாதமாகத் தோன்றியது. ஐயாவுக்குப் பொருத்திப் பார்த்தால் சிக்கல். அவர் படம் ஒன்றும் வரையவில்லை. கொண்டுவந்தது ஒரு கூஜா, பிற்பாடு வாங்கியது இரண்டு ஏக்கர் புஞ்சை. பின் எது அவருடைய ‘வெற்றி’? நாங்கள்தான். அன்று அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு அவர் நடந்திராவிட்டால் பெரியப்பா இல்லை, அப்பா இல்லை, இதை எழுத நான் இல்லை. பலன் வாங்கியவனே நீதிபதியாக உட்கார முடியுமா? ‘பரவாயில்லை, விடுங்க ஐயா’ என்று நான் சொன்னால் அது மன்னிப்பு இல்லை, ரசீது. அந்த மழைக்கால மத்தியானத்தில் அதைத்தான் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் அதைக் கேட்டு நிம்மதியடைந்த மாதிரித் தெரியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவிஷாய் மார்கலித் என்பவர் நினைவின் அறம் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். குடும்பம், நட்பு, ஊர் போன்ற நெருங்கிய உறவுகளில்தான் நினைவுகூர்வது கடமையாகிறது, முகமறியாத மனிதர்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது வேறு வகை என்று பிரிக்கிறார். நூற்றாண்டு மலரை எழுதாமல் உட்கார்ந்திருந்த நாட்களில் இந்தப் பிரிவினை எனக்குப் பெரிய வசதியாக இருந்தது. ஐயா என் ரத்தம், அவரை அன்போடு நினைப்பது என் வேலை. சமையல்காரர் யாரோ. ஆனால் அவர் யாரோ இல்லையே. எங்கள் வீட்டில் எல்லோரும் அவருடைய தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறோம்.

எங்கள் பக்கத்தில் செத்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பார்கள். நல்ல பழக்கம்தான், எழவு வீட்டில் மூன்று நாளைக்கு. நூறு வருடத்துக்கு அதையே பிடித்துக்கொண்டிருந்தால் செத்தவர் மனிதராக இருந்தது மறந்துபோகிறது. எனக்கு ஐயாவை மாலை போட்ட படமாக வேண்டாம். வேலி தாண்டிக் குதித்தவர், பொய் சொன்னவர், நாற்பது வருடம் பொங்கல் சேலை கொடுத்தவர், தூக்கத்தில் உளறியவர், பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை உளறாதவர் எல்லோரும் ஒரே ஆளாக வேண்டும். இதைச் சொன்னால் அன்பு குறைந்துவிட்டது என்கிறார்கள். குறையவில்லை. அவர் அந்த மத்தியானம் என்னைக் கூப்பிட்டது, பெரியப்பாவை அல்ல, சித்தப்பாவை அல்ல, என்னைக் கூப்பிட்டது, ஏன் என்று நான் நினைத்துப் பார்க்கிறேன். அவரிடம் கதை கேட்டவர்களில் கேள்வி கேட்டவன் நான் ஒருவன்தான்: “குழி தோண்டத் தட்டு ஏது ஐயா, ஒங்ககிட்டதான் கூஜாவும் பையும் தவிர ஒண்ணுமில்லையே?” எனக்கு அப்போது பத்து வயது. ஐயா சிரித்துவிட்டு, போய்த் தூங்கு என்றார்.

மலரில் கடைசியில் நான் எழுதியது பர்மாவைப் பற்றிப் பாதி, அப்பத்தாவின் பத்தொன்பது வருடத்தைப் பற்றி நான்கு பக்கம். அச்சுக்குப் போகுமுன் பெரியப்பா அந்த நான்கு பக்கத்தை ஒரு பத்தியாக்கினார். செத்துப்போன அத்தையின் பெயரை மட்டும் எடுக்கவில்லை. ஆற்றங்கரையை நான் எழுதவே இல்லை. ‘அடக்கம் செய்தார்’ என்றும் எழுதவில்லை, ‘விட்டுவிட்டு வந்தார்’ என்றும் எழுதவில்லை. அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் எங்கள் குடும்பத்தார் அல்ல என்று பட்டது.

சமையல்காரரின் பேரன் காரைக்குடியில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். என்னைவிட பதினைந்து வயதாவது மூத்தவர். விழாவுக்கு அழைக்கப் போயிருந்தபோது, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அவராகவே கேட்டார்: “தம்பி, எங்க தாத்தாவை அடக்கம் பண்ணுன எடம் எங்கன்னு ஒங்க ஐயா எதுவும் சொல்லிருக்காகளா? மோரேயில நம்மாளுக கோயிலெல்லாம் கட்டி வச்சிருக்காகளாம். ஒரு தடவை போயி ஒரு பிடி மண்ணு எடுத்தாந்து, ராமேஸ்வரத்துல கரைக்கலாம்னு இருக்கேன்.” மோரே, தாமுவுக்கு எதிரே இருக்கிற நம் எல்லை ஊர். 1964-க்குப் பிறகு நடந்தே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்ட தமிழர்கள் தங்கிவிட்ட இடம். 2023-இலிருந்து மணிப்பூரில் கலவரம், மோரேயிலும் வீடுகள் எரிந்தன, இப்போ போக முடியாதுண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அது உண்மைதான். உண்மையைச் சொல்லியே ஒருவரை ஏமாற்றலாம் என்று பஸ்ஸில் வரும்போது தெரிந்தது.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் கூஜாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி போனேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. (“யாரைக் கேட்டுக் குடுத்த?” என்று சித்தப்பா இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது.) மத்தியானம், கடையில் கூட்டம் இல்லை. ஐயா சொன்னதை ஐயா சொன்ன மாதிரியே சொன்னேன். விடியக்காலம், முக்கால் கூஜா தண்ணீர், அரிசிப் பை, திறந்திருந்த கண். இந்தக் கட்டுரையை எழுதப் போவதையும், ஊர் பேர் இல்லாமல் எழுதுவதாகவும் சொன்னேன்.

அவர் கூஜாவை வாங்கிக் கவிழ்த்தார். அடியில் புள்ளி புள்ளியாகக் குத்திய இரண்டு எழுத்துகள் உண்டு. விற்ற கடையின் பெயர் என்று எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் கட்டைவிரலால் அதைத் தேய்த்தார்.

“எங்க அப்பத்தா பேரு” என்றார். “கல்யாணத்துக்கு அவுக அப்பாரு பேரு வெட்டிக் குடுத்த கூஜா. சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருக்கும்.”

நான் எதுவும் சொல்லவில்லை.

“கண்ணு தெறந்திருந்துச்சா?”

“ஆமாண்ணே.”

வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் விழாவுக்கு வரல தம்பி. சொல்லிருங்க.”

“சரிண்ணே.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அவர் மூடியைத் திருகித் திறந்து, உள்ளே முகர்ந்து பார்த்தார்.

“புளி போட்டுத் தேச்சிருக்கீக.”

“எப்பவும் தேச்சுத்தாண்ணே வைப்பாக.”

ஒரு பெண் அரைக்கிலோ துவரம்பருப்பு கேட்டு வந்தாள். அவர் கூஜாவைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பருப்பு மூட்டைப் பக்கம் திரும்பினார்.